சாய்ந்த பக்கத்துத் தண்ணீர்

தண்ணீர் குறையவில்லை என்பது தெக்லாவின் கைக்குத் தெரிந்துவிட்டது, கண்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பம்பின் பிடியைத் தூக்கினால் அடியில் ஒரு மூச்சு, அழுத்தினால் படகின் பின்பக்கம் ஒரு துப்பல். மூச்சு, துப்பல், மூச்சு, துப்பல். அறைக்குள் இறங்கும் வாசலில் பலகையைக் கழற்றிவைத்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மார்த்தாவின் அடிவயிறு தெரிந்தது. அதில் தண்ணீர் ஆடியது. வலது பக்கம் சரிந்து, விலா எலும்புபோல் வளைந்த சட்டங்களில் மோதி, திரும்பி, மறுபடி வலது பக்கமே சரிந்தது. மார்த்தா என்பது படகின் பெயர். பாண்டிச்சேரியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போன பெயர், அவள் கணவர் கஸ்பார் அதை மாற்றவில்லை. பெயர் மாற்றினால் படகு கோபித்துக்கொள்ளும் என்றார். இப்போது மட்டும் கோபித்துக்கொள்ளவில்லையா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை, பக்கத்தில் சுக்கான் பிடித்திருந்த கணவனின் முகம் கேட்கும்படி இல்லை. கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்று இடது தோளில் அடித்தது. காலையில் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது முதல் இதே காற்று, இதே தோள். பாய் வலது பக்கம் புடைத்து நிற்க, மார்த்தா கரையைப் பார்த்துச் சாய்ந்தபடியே தெற்கே போய்க்கொண்டிருந்தாள், கடைசி வீட்டு ஜன்னல்வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள்போல. அதோ திருச்செந்தூர்க் கோபுரம். இனி மணப்பாடுதான். மணப்பாட்டுக்கு முன்னால் சவரி அத்தான் வந்துவிடுவார், கயிற்றோடு.

கயிறு. மூச்சு, துப்பல், கயிறு. கஸ்பாரின் அண்ணன் சவரிராயன் மணப்பாட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறவர். மார்த்தாவை ஏற்கெனவே இரண்டு முறை கட்டி இழுத்து வந்திருக்கிறார். இரண்டாம் முறை இழுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லாரும் நிற்கும்போது, தம்பியின் படகு கடலில் போவதைவிடத் தன் கயிற்றில் போவதுதான் அதிகம் என்று சொல்லிச் சிரித்தார், கூட்டமும் சிரித்தது. கஸ்பாருக்குக் காது மடல் சிவந்தது. சிவந்த காதோடு பேசக் கூடாத மனிதர் பேசிவிட்டார். இன்னொரு தடவை கயிறு விழுந்தால் படகை அந்த விடுதிக்காரனிடம் கொடுத்துவிடுகிறேன், இது சத்தியம் என்றார். கடற்கரை விடுதி நடத்தும் அந்த ஆள் மார்த்தாவைச் சுற்றிச் சுற்றி வந்து ஏற்கெனவே கேட்டிருந்தான். புல்தரையில் நிறுத்துவானாம். அடியில் ஓட்டைபோட்டு, உள்ளே செம்மண் கொட்டி, காகிதப்பூச் செடி நடுவானாம். தெக்லா பிடியை அழுத்தினாள். செம்மண். இந்தச் சட்டங்களுக்கு நடுவே, போன மாதம் அவள் குப்புறப் படுத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்த இந்த மூலைகளில், செம்மண். மேலே நின்று பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்ளும். கஸ்பார் சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை, அதுதான் அவரிடம் அவளுக்குப் பிடித்தது, அதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது. படகு போனால் அவருக்கு வேறு படகு உண்டு, அண்ணன் படகு, மச்சினன் படகு, கடலில் எங்கேயும் ஒரு ஆணுக்கு உட்கார ஒரு பலகை உண்டு. அவளுக்கு? வலையைத் தாண்டி நடந்தாலே திட்டு வாங்கிய வீட்டில் பிறந்தவள். நாற்பத்தெட்டு வயதுவரை கடலை அவள் மணலில் நின்றுதான் பார்த்தாள். மீன் கூடையோடு, குடையோடு, காற்றடித்த நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மார்த்தா வந்தபிறகுதான் கரையை முதன்முதலாகக் கடலிலிருந்து பார்த்தாள். அது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியில்தான் நினைப்பு போய்ப் போய்ச் சிக்கியது, முள்ளில் மாட்டிய முந்தானைபோல. எடுத்துவிட்டு நடந்தால் மறுபடி அதே முள். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாயிற்று, உப்பு. குடிதண்ணீர்த் தொட்டி உடையவில்லை, வருவது கடல்தான். சுக்கான் தண்டு நுழையும் இடம் பார்த்தாயிற்று, ஈரமில்லை. என்ஜினிலிருந்து வெளியே போகும் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்த இடம் பார்த்தாயிற்று, அழுகிறதே தவிர ஒழுகவில்லை. இன்று காலையிலிருந்து இரண்டு முறை பாயை இறக்கி, படகை நேராக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஏறவில்லை. தேடும்போது ஒளிந்துகொள்கிறது. ராத்திரியெல்லாம் கொதித்த பிள்ளை டாக்டர் மேசைமேல் உட்கார்ந்ததும் கால் ஆட்டிச் சிரிப்பதுபோல. சரி என்று பாயை ஏற்றிக் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் சட்டங்கள் நனையும், பலகை மிதக்கும். கரண்ட் பம்பு அதுவாகவே ஓடும். அதன் மிதவை தண்ணீரோடு மேலே எழும்பினால் சுவிட்ச் விழும், வலது பக்கச் சுவரில் உள்ள ஓட்டை வழியாகக் கடலுக்குள் ஊற்றும், வற்றினால் நிற்கும். நல்ல பம்பு, புதுப் பம்பு. அது வற்றவைக்கும், மறுபடி ஏறும், வற்றவைக்கும், ஏறும். பேட்டரி இளைத்துக் குரல் கம்மிப்போய்விட்டது. அதனால்தான் அவள் கைப்பம்பில் உட்கார்ந்தாள், அதனால்தான் கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டார். சவரி அத்தானின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. கயிறு காயவே இல்லையேடா கஸ்பாரு, போன தடவை நனஞ்சதே இன்னும் ஈரமா இருக்கு என்றார். பிறகு, குரல் மாறி, பயப்படாத, வாறேன் என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் கஸ்பாரை அதிகம் சுட்டது என்று தெக்லாவுக்குத் தெரியும்.

பயம் இருக்கத்தான் செய்தது. காலடியில் ஆடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு ஒரு புத்தி இருப்பதுபோல் தோன்றும். அது வெளியே உள்ள பெரிய தண்ணீரோடு பேசிக்கொண்டிருப்பதுபோல, நடுவில் விரல் கனம்கூட இல்லாத சுவர் ஒரு மரியாதைக்காக நிற்பதுபோல. மூச்சு, துப்பல். தோள் எரிந்தது. எரியட்டும். பெரிய ஓட்டையாக இருந்தால் இந்நேரம் மூழ்கியிருப்போம், சின்ன ஓட்டையாக இருந்தால் நிற்கும்போதும் வரவேண்டும், இது எந்த ஓட்டை? முதல் வருஷம் முழுக்க ஒரு கரண்டித் தண்ணீர் வந்ததில்லையே. வேம்பாருக்குப் போனோம், கீழக்கரைக்குப் போனோம், அடிவயிற்றில் தூசி படிந்திருந்தது, கூட்டி அள்ளினாள். எப்போதிலிருந்து? யோசி. கரண்ட் பம்பு உறுமத் தொடங்கியது. மிதவை எழுந்திருக்கிறது, மெலிந்த குரலானாலும் இழுக்கிறது. அவள் கையை நிறுத்தினாள், ஓய்வுக்காகத்தான். கடகடவென்று தண்ணீர் இறங்கியது, சட்டங்கள் தலைகாட்டின, கடைசியில் அடியில் கிடந்த ஒரு சோப்புத் துண்டுகூடத் தெரிந்தது, பம்பு காற்றை விழுங்கப்போகும் நேரத்தில் மிதவை விழுந்து சத்தம் நின்றது. அமைதி. சோப்புத் துண்டு கிடந்தது. பிறகு, யாரும் எதுவும் செய்யாதபோதே, சோப்புத் துண்டைச் சுற்றித் தண்ணீர் மெல்ல ஏறி, நனைத்து, அதை மூடியது. தெக்லா கைப்பிடியை விட்டுவிட்டாள். தண்ணீர் முன்பக்கமிருந்து ஓடி வரவில்லை. பின்பக்கமிருந்தும் வரவில்லை. பம்பு இருக்கும் குழியிலிருந்தே மேலே வந்தது, ஊற்றுபோல, அமைதியாக, தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறவர் தட்டாமல் கதவைத் திறப்பதுபோல.

திரும்பி வருகிறது. அந்தச் சொல் வந்ததும் வேறு எங்கோ ஒரு ட்யூப் ஞாபகம் வந்தது, பச்சை ட்யூப், வாயில் ரப்பர் நாற்றம். லாரித் தண்ணீர் வந்த நாட்கள். மேட்டில் நீல டிரம், கீழே குடங்கள். ட்யூபின் ஒரு முனையை டிரம்முக்குள் போட்டு மறுமுனையை அவள்தான் வாயில் வைத்து உறிஞ்சுவாள், கன்னம் ஒட்டிப்போகும்வரை. ஒரு வாய்த் தண்ணீர் வந்துவிட்டால் போதும், பிறகு உறிஞ்ச வேண்டியதில்லை, அது தானாக வரும், டிரம் தீரும்வரை வரும், குடம் நிறைந்து வழிந்தாலும் வரும். குடம் வழிந்ததும் அம்மா கத்துவாள், ட்யூபத் தூக்கு, ட்யூபத் தூக்கு. டிரம்மின் தண்ணீருக்கு மேலே முனையைத் தூக்கிப் பிடித்தால் போதும், சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுவிடும். தூக்கு. இங்கே டிரம் எது? கடல். குடம் எது? மார்த்தா. உறிஞ்சிக் கொடுக்கிற வாய் எது? பம்பு. பம்பு வெளியே தள்ளும்போது குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிடுகிறது. பம்பு நிற்கிறது. குழாயின் வெளிமுனை, வலது பக்கச் சுவரில் உள்ள அந்த ஓட்டை, படகு நேராக நிற்கும்போது கடலுக்கு மேலே இருக்கிறது. வலது பக்கம் சாய்ந்து ஓடும்போது கடலுக்குள் முங்கிவிடுகிறது. அதனால்தான் நிறுத்தித் தேடினால் இல்லை. அதனால்தான் ஓடினால் உண்டு. தண்ணீரை வெளியே கொட்டுகிற பாதையிலேயே கடல் உள்ளே நடந்து வருகிறது. ஆனால் முதல் வருஷம் ஏன் வரவில்லை? தூக்கு, தூக்கு. முதல் வருஷம் அந்தக் குழாய் தூக்கியிருந்தது. அறையின் மேல்தட்டுவரை ஏறி, அங்கே ஒரு பெரிய வளையம் போட்டு, பிறகுதான் இறங்கி ஓட்டைக்குப் போனது. ஏன் இவ்வளவு சுற்றிவிட்டிருக்கிறான் அந்த வெள்ளைக்காரன் என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு படகு மந்திரிப்பு நடந்தது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், பனிமய மாதா படத்தை அறைக்குள் நல்ல உயரமான இடமாகப் பார்த்து மாட்டினார்கள், அந்த வளையத்துக்கு நேர் கீழே. சவரி அத்தான்தான் பார்த்தார். அழுக்குத் தண்ணிக் குழாய் மாதா தலைக்கு மேலயா போகும் என்றார். எல்லாருக்கும் சுருக்கென்றது. அன்றைக்குச் சாயங்காலமே கஸ்பார் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு, குழாயைக் குட்டையாக, ஒழுங்காக, நேராக ஓட்டைக்குக் கொடுத்தார். அழகாக இருந்தது. மாதாவின் தலைக்கு மேல் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை கயிறு.

சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? காற்றில், பல்லைக் கடித்திருக்கும் மனிதரிடம், ட்யூப், டிரம், அம்மா, குடம் என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் சவரி அத்தான் வந்துவிடுவார். தெற்கே, மணப்பாட்டு மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு வெள்ளைப் புள்ளி குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தது. சொல்வதைவிடக் காட்டலாம். மறுபக்கம் சாய்த்தால் ஓட்டை மேலே வந்துவிடும், தண்ணீர் நின்றால் அதுதான், நிற்காவிட்டால் கயிறுதான். மறுபக்கம் சாய்க்க வேண்டுமானால் திரும்ப வேண்டும், கடலைப் பார்த்துத் திரும்பி, காற்றைத் தாண்டி, வந்த வழியே வடக்கே. தெக்லா எழுந்து சுக்கானைக் கேட்டாள். கஸ்பார் கொடுத்தார், அவள் களைத்துவிட்டாள் என்று நினைத்து, பம்புப் பக்கம் நகர்ந்தார். படகைத் திருப்பப்போகிறேன் என்று சொன்னதும்தான் நிமிர்ந்தார்.

"கிறுக்கா ட்டி உனக்கு? தண்ணி ஏறுத படகக் கடலுக்குத் திருப்புவாங்களா? அண்ணன் வந்துட்டிருக்கான், அவன விட்டு ஓடவா?"

"ஓட இல்லங்க. ஒரே ஒரு திருப்பு. பம்புக்குழியப் பாத்துட்டே இருங்க, தண்ணி ஏறுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க." அவர் வாயைத் திறந்தார். அவள் காத்திருக்கவில்லை. "தலையக் குனிங்க," என்றாள்.

குனிந்தார். எந்த ஆணும் அந்தச் சொல்லுக்குக் குனிந்தே ஆகவேண்டும், பாயின் அடிக்கட்டை யாருக்கும் மரியாதை பார்ப்பதில்லை. சுக்கானைத் தள்ளினாள். மார்த்தாவின் மூக்கு கரையை விட்டு, கோபுரத்தை விட்டு, நேராகக் கிழக்கே, வெறும் வானத்தைப் பார்த்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, எல்லாம் உடைந்துவிடப்போவதுபோல் ஒரு சத்தம், அந்த நடு நேரத்தில் படகு எந்தப் பக்கமும் இல்லாமல் நின்றது. நான் நினைத்தது தப்பாக இருந்தால், அலையும் காற்றும் அவரும் அத்தானும் கோயில் முற்றமும் எல்லாரும் சேர்ந்து சிரிக்கட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும். அடிக்கட்டை தலைக்கு மேலே வீசிக்கொண்டு இடது பக்கம் போயிற்று. பாய் மறுபடி காற்றைப் பிடித்தது. மார்த்தா மெல்ல, தூக்கத்தில் புரண்டு படுப்பவள்போல், இடது பக்கம் சாய்ந்தாள். வலது சுவர் கடலிலிருந்து எழுந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். காலை முழுக்கக் கடலுக்குள் இருந்த சுவர் வெயிலில் மினுங்கியது, அதன் நடுவே அந்தச் சின்ன வட்ட ஓட்டை, வாய் திறந்து, கொஞ்சம் தண்ணீரைத் துப்பிவிட்டு, காற்றைக் குடித்தது. உள்ளே பம்பு ஒருமுறை உறுமியது. நின்றது. கஸ்பார் வாசலில் குப்புறப் படுத்திருந்தார், அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அலை ஒன்று, அலை இன்னொன்று. ஏறுகிறதா என்று கேட்காமல் சுக்கானை இறுகப் பிடித்தாள். கேட்காவிட்டால் ஏறாமலே இருக்கும் என்பதுபோல் இருந்தாள். முதுகு அசையவில்லை. அழுகிறாரா? கோபமா? அலை. அலை. பிறகு அந்த முதுகுக்கு அப்பாலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், ஒரு குரல்.

"ஏறல."

கொஞ்சம் கழித்து மறுபடி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "தெக்லா, ஏறவே இல்லட்டி."

அப்போதுதான் சொன்னாள். டிரம், ட்யூப், வளையம், எல்லாம். அவர் படத்தைப் பார்த்தார், வெட்டிய குழாயைப் பார்த்தார், அவர் காது சிவந்தது, ஆனால் இது வேறு சிவப்பு. தெக்லாவுக்குச் சிரிப்பு உள்ளேயிருந்து குமிழிட்டு வந்தது, நுரை பொங்கும் பால்போல, அடக்க வேண்டும், இன்னும் வேலை இருக்கிறது. மணப்பாட்டுக்குப் போக மறுபடி தெற்கே திரும்ப வேண்டும், திரும்பினால் ஓட்டை மறுபடி முங்கும். அடைக்க வேண்டும். எதனால்? கட்டை இல்லை, துணி நிற்காது. மெழுகுவத்தி. மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலில் ஏற்ற வாங்கி வந்த தடித்த மெழுகுவத்தி, வெயிலில் கிடந்து இளகி, வளைந்து, பயனற்றுப்போயிற்று என்று காலையில் வருத்தப்பட்டாளே அதே மெழுகுவத்தி. சுக்கானை அவரிடம் கொடுத்துவிட்டு, வலது விளிம்பில் குப்புறப் படுத்தாள், ஒரு காலைக் கம்பியில் கோத்துக்கொண்டாள். கீழே பச்சைத் தண்ணீர் வழுக்கி ஓடியது. கையை நீட்டி மெழுகை ஓட்டையில் வைத்து அழுத்தித் திருகினாள், உள்ளங்கையால் தட்டினாள். ஓட்டைக்கென்றே வார்த்ததுபோல் போய் உட்கார்ந்தது. அது தள்ளினால் மெழுகு கழன்றுவிடும் என்று பம்பின் ஒயரைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். கோயிலுக்கு வேறு மெழுகுவத்தி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஆண்டவருக்கு இதைவிடப் பிரயோசனமாக ஒரு மெழுகுவத்தியை யார் கொடுத்திருப்பார்கள் என்று ஒரு திமிரான நினைப்பு ஓடியது, அதை அவள் விரட்டவில்லை. எழுந்து வந்து சுக்கானைத் திரும்ப வாங்கினாள். இந்தத் தடவை தலையைக் குனியச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே குனிந்துகொண்டு, பாய்க்கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக் காத்திருந்தார்.

மார்த்தா தெற்கே திரும்பினாள். மறுபடி இடது தோளில் கொண்டல், மறுபடி வலது பக்கச் சாய்வு, சுவர் கடலுக்குள் இறங்கியது, மெழுகுவத்தியின் அடிப்பகுதி நுரைக்குள் மறைந்தது. அடிவயிறு ஆடவில்லை. அங்கே நனைந்த மரம் மட்டும் கிடந்து மினுங்கியது. பளு இறங்கிய படகு, காலையில் இல்லாத ஒரு துள்ளலோடு, அலையை மிதித்து மிதித்துப் போயிற்று, சுக்கான் வழியாக அந்தத் துள்ளல் அவள் முழங்கைக்கு ஏறி, எரிந்துகொண்டிருந்த தோளுக்கு ஏறி, அங்கிருந்து எங்கே போவது என்று தெரியாமல் கண்ணில் வந்து நின்றது. நான் கண்டுபிடித்தேன். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் உள்ளே அது ஒரு முறை சொல்லி அடங்கவில்லை. கண்டுபிடித்தேன், திருப்பினேன், அடைத்தேன், இதோ ஓட்டிக்கொண்டு போகிறேன். ஃபைபர் படகு வந்து சேர்ந்தது. சவரி அத்தான் முன்பக்கத்தில் நின்றார், கையில் கயிறு, சுற்றிவைத்து, வீசத் தயாராக. அவர் முகத்தில் கேலி இல்லை. ஓடிப் போனீங்க, திரும்பி வாறீங்க, என்ன ஆச்சு, யாருக்காவது அடியா என்று கேட்டார். கஸ்பார் அவளைப் பார்த்தார். பேச வேண்டியவள் அவள்தான் என்று அந்தப் பார்வை சொன்னது.

"கயிறு வேண்டாம் அத்தான்," என்றாள் தெக்லா. "தண்ணி நின்னுட்டு."

நின்னுட்டுன்னா எப்படி, ஓட்டை தானா மூடிக்கிடுமா என்று அவர் நம்பாமல் கேட்டார். என்ஜினைத் தணித்துப் பக்கத்தில் ஒட்டி வந்து, வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். திறந்து கிடந்த அடியில் ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. வெகுநேரம் பார்த்தார். அப்போது அவள் சொன்னாள், குழாய் மாதா தலைக்கு மேலே போனால்தான் கடல் திரும்பி வராது, அதை வெட்டினதுதான் இத்தனை கூத்துக்கும் காரணம், நாளைக்கு மறுபடி மேலே ஏற்றி வளைக்கப்போகிறோம், மாதா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. யார் வெட்டச் சொன்னது என்பதைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சவரி அத்தானின் கை மெல்ல உயர்ந்து நெற்றியில் சிலுவை போட்டது. கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது, சிரிக்கிறார். ஒரு அலை வந்து இரண்டு படகுகளையும் தூக்கி இறக்கியது. மணல்மேடும் அதன் மேல் கோயிலும் இப்போது தெளிவாகத் தெரிந்தன, துறையில் நிற்கும் ஆட்கள்கூடத் தெரிந்தார்கள், யார் யாரைக் கட்டி இழுத்து வருகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள். சவரி அத்தானும் அவர்களைத்தான் பார்த்தார். கயிற்றைக் குனிந்து படகுக்குள் போட்டார். துறைக்குள் நுழையும் இடத்தில் வலது பக்கம் பாறை உண்டு, பாய் இறக்காமல் போகிறதானால் மேட்டை ஒட்டாதே என்று சொல்ல ஆரம்பித்தவர், சுக்கானைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"சரிம்மா," என்றார். "நீ முன்னால போ. நான் பின்னால வாறேன்."

தெக்லா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கண் பாயின் விளிம்பில் இருந்தது, அங்கே ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தது, சுக்கானை ஒரு விரல் அளவு தன் பக்கம் இழுத்தாள், துடிப்பு நின்றது, மார்த்தா வேகம் எடுத்தாள்.